மூச்சுக்கு ஐந்து சொல்

அந்த அக்கா யாரையும் மன்னித்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் சாரம் தெருவில் எது எப்போது நடந்தது என்று இருபது வருடமாகக் குறித்து வைக்கிறவன் நான். எந்த வீட்டுக்கு எந்த மாதம் மாடி எழும்பியது, தானே புயலில் எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதெல்லாம் என் நோட்டுகளில் உண்டு. சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போவேன். மற்றவர்கள் "அப்போ ஒரு நாள்" என்பார்கள். அவர் "வில்லியனூர் தேருக்கு முந்தின நாள், சாயங்காலம், கரண்ட் இல்ல" என்பார். அந்தச் சாயங்காலத்தில் யாராவது அவரை ஏதாவது சொல்லியிருப்பார்கள். கோபம்தான் அவருக்குக் காலண்டர்.

ஒரே ஒரு முறை அவரை மறுத்துப் பேசினேன். அவர் வீட்டுக்கு எதிரே குழாய் பதித்தது ஜூலை பதினாலுக்கு முன்பா பின்பா என்று பேச்சு. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர்கள் கொடி பிடித்து நடக்கும் அந்த நாளுக்கு முன்பு என்றேன். பின்பு என்றார் அவர். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். அவர் சொன்னதுதான் சரி. மறுநாள் போய் ஒப்புக்கொண்டேன்.

"தெரியுதுல்ல," என்றார். அதன்பின் ஆறு வாரம் அவர் வீட்டில் எனக்குக் காபி கிடையாது. ஏழாவது வாரம் தானாக வந்தது.

நாத்தனாரின் வளைகாப்பில் தன்னைக் கடைசியில் கூப்பிட்டு வளையல் போடச் சொன்னார்கள் என்று ஒரு கதை அவரிடம் உண்டு. பதிமூன்று வருடம் கழித்துத் தன் மகளின் வளைகாப்பில் அந்த நாத்தனாரை, பாத்திரம் கழுவ வந்த பெண்ணுக்கும் பிறகு கூப்பிட்டார். "அவளுக்கு எதுக்குன்னு புரிஞ்சிச்சாக்கா?" என்று கேட்டேன். "புரியாட்டி என்ன. எனக்குப் புரிஞ்சிச்சு," என்றார்.

நான் எழுத வந்தது அவருடைய கடைசி வருடத்தைப் பற்றி. அந்த வருடத்தில் அவருக்கு மூச்சு கொஞ்சமாகத்தான் இருந்தது. அதை எதற்குச் செலவிடுவது என்பதில் அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை.

பத்தொன்பது வருடம் மில்லில் வேலை பார்த்தவர். ரீலிங் பிரிவு. கதிரில் சுற்றிய நூலைப் பிரித்துச் சிட்டமாக, பெரிய வளையக் கட்டாக, மாற்றும் இடம். அங்கே பஞ்சுத் தூசி மழைத் தூறல் போல் இறங்கிக்கொண்டே இருக்குமாம். தலைமுடி, புருவம், டிபன் பாக்ஸ் மூடி எல்லாம் வெள்ளை. அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் அவருடைய தங்கை. மில் மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தங்கை போய்ச் சேர்ந்தும் பல வருடங்கள். மூச்சு முட்டித்தான் போனார். அக்காவுக்கு அதே நோய் கொஞ்சம் மெதுவாக வந்தது. நுரையீரல் ஊதிய பலூன் மாதிரி விரிந்தே கிடக்கிறது, உள்ளே போன காற்று வெளியே வருவதில்லை, இனி இதைச் சரிசெய்ய முடியாது என்று சித்திரை மாதம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வலி தணிப்புப் பிரிவிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் வீட்டுக்கே ஒரு சிஸ்டர் வருவார் என்றும் சொன்னார்கள்.

முதல் செவ்வாய் நானும் இருந்தேன். மகளும் மருமகனும் காலை ஆறு மணிக்கே கம்பெனி பஸ்ஸில் சேதராப்பட்டு போய்விடுவார்கள். எழுதி வைக்க ஆள் வேண்டும் என்று அக்காதான் என்னைக் கூப்பிட்டார்.

"சிலிண்டர் கொண்டாந்தியாம்மா?" என்று கேட்டார்.

சிஸ்டர் அவர் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தார். "உங்க ரத்தத்துல ஆக்சிஜன் தேவையான அளவு இருக்கும்மா. சிலிண்டர் வச்சாலும் பெருசா உதவாது. இத வச்சிக்குங்க." பையிலிருந்து எடுத்தது உள்ளங்கை அளவு பேட்டரி ஃபேன். பச்சை நிறம்.

"கொழந்தைங்க வச்சி வெளையாடறது."

"மூக்குக்கும் கன்னத்துக்கும் நேரா புடிங்க. காத்து மொகத்துல பட்டா மூச்சு முட்டற மாதிரி இருக்கறது கொறையும். ஜன்னல் பக்கம் உக்காருங்க. கட்டிலையும் அங்கயே போட்டுக்குங்க."

அக்கா ஃபேனை முகத்துக்கு நேரே பிடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவ்ளோதானா சார்?" என்றார். "ஒரு ஜன்னல் காத்து. இவ்ளோதானா?"

அவர் எதைச் சொல்கிறார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

சிஸ்டர் இன்னும் பலவற்றைச் சொல்லித் தந்தார். முட்டியில் இரண்டு முழங்கையையும் ஊன்றி முன்பக்கம் சாய்ந்து உட்காருவது. மெழுகுவத்திச் சுடர் ஆடணும், ஆனால் அணையக் கூடாது என்பதுபோல் உதட்டைக் குவித்து ஊதுவது. உட்கார்ந்தே குளிப்பது. ஒரு வேலையை நாலாகப் பிரித்துச் செய்வது. குளிப்பதற்கு அரைமணி முன்னால் மார்ஃபின் மாத்திரையில் ஒரு துண்டு.

"அது கேன்சர்காரங்களுக்குக் கொடுக்கறதாச்சே. தூங்க வச்சி அனுப்பிடலாம்னு பாக்கறியா?"

"இந்த அளவுல அப்படி எல்லாம் ஆகாதும்மா. மூச்சு போவுது போவுதுன்னு மூள மணி அடிச்சிக்கிட்டே இருக்குல்ல, அந்தச் சத்தத்தக் கொறைக்கத்தான். மலச்சிக்கல் வரும். அதுக்கு இந்த மருந்து."

"ஒண்ணத் தொறந்தா ஒண்ண அடைப்பீங்க," என்றார் அக்கா.

எனக்கும் வேலை தந்தார் சிஸ்டர். ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தார். நாள், நேரம், மூச்சுத்திணறல் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, அதைக் குறைத்தது எது. "அவங்க சொல்றதத்தான் எழுதணும் சார். பாத்தா அஞ்சு மாதிரி தெரியுதேன்னு நீங்களா போடக் கூடாது. மூச்சுத்திணறல்ங்கறது படுறவங்க சொல்றதுதான். வேற அளவு கெடையாது."

எனக்கு இது பிடித்திருந்தது. நான்காவது கட்டத்தில் ஃபேன், மாத்திரை, முன்சாய்ந்து உட்கார்ந்தது, ஜன்னல் என்று மாறி மாறி எழுதினேன். எண்கள் நாலுக்கும் எட்டுக்கும் இடையில் ஏறி இறங்கின. காபி போடுவது ஐந்து. கூந்தல் முடிவது ஆறு. கோபப்படுவதற்கு எண்ணே கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

சிஸ்டர் ஒரு தப்பு செய்தார். நல்ல மனதால் செய்த தப்பு. ஆனி மாதம் இரண்டாவது செவ்வாய், மாத்திரை வேண்டாம் என்று அக்கா அடம்பிடித்தார். தைரியம் சொல்வதற்காக இன்னொரு நோயாளியைப் பற்றிப் பேசினார் சிஸ்டர்.

"லாஸ்பேட்டை பக்கம் ஒரு தாத்தா இருக்காரும்மா. இதயம் வீங்கிப் போயி மூச்சு வாங்கும். ஒங்களுக்குக் கொடுத்ததுதான் அவருக்கும். கட்டில ஜன்னல் பக்கத்துல இழுத்துப் போட்டேன். இப்ப அந்த ஜன்னலுதான் அவருக்கு உசுரு. ராத்திரி நல்லாத் தூங்கறாரு. அவரும் ஏதோ மில்லுல இருந்தவருதான். கையில ரெண்டு வெரலு கூட இல்ல, பாவம்."

அக்கா மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

சிஸ்டர் போன பிறகு, "சார். எடது கை. மோதிர வெரலும் சுண்டு வெரலும்," என்றார். "அது எங்க ரீலிங் மேஸ்திரி."

அவர் பேச்சு அப்போது துண்டு துண்டாகத்தான் வரும். ஒரு மூச்சுக்கு ஐந்து சொல். அதன்பின் நிறுத்தி, உதட்டைக் குவித்து ஊதி, மறுபடி ஐந்து. அப்படிச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்த கதையைச் சுருக்கித் தருகிறேன். ரீலிங் பிரிவில் மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல். வெளிக்காற்று பட்டால் ஈரப்பதம் போய் நூல் அறுந்துவிடும் என்பதால் எல்லா ஜன்னலும் மூடியே இருக்கும். வீராம்பட்டினம் தேருக்கு மறுநாள், சனிக்கிழமை, நல்ல வெக்கை. தங்கைக்கு இருமல் நிற்கவில்லை. அக்கா எழுந்துபோய் அந்த ஜன்னலைத் திறந்தார். மேஸ்திரி வந்தார். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. "நூல் அறும்," என்று மட்டும் சொல்லி மூடினார். பிறகு தச்சனைக் கூட்டிவந்து சட்டத்தில் நாலு ஆணி அடிக்கச் சொன்னார். அடித்து முடிக்கும்வரை ஆணி டப்பாவை ஏந்திக்கொண்டு நிற்கச் சொன்னது அக்காவை. பிரிவில் இருந்த எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். தங்கை இருமிக்கொண்டே பார்த்தார்.

"ஒவ்வொரு ஆணியா... நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சார்."

அடுத்த செவ்வாய் சிஸ்டர் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "இருக்கற மூச்சுல எத முக்கியமா செய்யணும்னு ஆசப்படறீங்கம்மா? அதுக்குத் தக்கன மத்தத கொறைச்சிக்கலாம்."

"ஒருத்தரப் பாக்கணும். பழைய ஆளு. வீட்டுக்குப் போயி."

"சூப்பர்மா," என்றார் சிஸ்டர். "அதையே நம்ம குறிக்கோளா வச்சிக்கலாம்." என் நோட்டின் முதல் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதினார்: பழைய நண்பரைப் பார்த்து வருவது.

விலாசத்தைக் கண்டுபிடித்தது நான். இதை மறைக்க விரும்பவில்லை. மில்லின் பழைய தொழிலாளர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள், அவர்களிடம் ஒரு பட்டியல் உண்டு. அதை நகலெடுத்து வைத்திருந்தேன். லாஸ்பேட்டையில் அந்த வீட்டைப் போய்ப் பார்த்தும் வந்தேன். அவர் இருந்தது மாடியில். பதினான்கு படி.

என் வீட்டு மொட்டை மாடிக்குப் பதினாறு. அக்கா தினமும் நாலு மணிக்கு அங்கே வந்தார். முதல் நாள் மூன்று படி. கால் தூக்கும்போது ஊது, வைத்தபின் இழு. இரண்டு படிக்கு ஒருமுறை சுவரில் சாய்ந்து நில். ஃபேனைக் கயிற்றில் கோத்துத் தாலிக்கயிறு மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஐந்து படி. ஏழு. ஒருநாள் ஏழிலிருந்து நாலுக்கு விழுந்தது. அன்றைக்குப் படியைப் பார்த்துப் பேசினார்: "எத்தினி பேர சுமந்திருக்க. என்னைய சொமக்க மாட்டியா?"

எதிர்வீட்டுக்காரர் வேடிக்கை பார்த்துவிட்டு, "என்னக்கா, இந்த வயசுல போலீஸ் வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. மொதல்ல ஒன்னத்தான் புடிப்பேன்," என்றார். அதற்கே ஒரு மூச்சு போய்விட்டது. ஆனாலும் விட மனமில்லை.

அங்கே போய் என்ன சொல்வது என்பதையும் தயார் செய்தோம். முதலில் அவர் சொல்லச் சொல்ல எழுதியது முழுப் பக்கம் வந்தது. சொல்லிப் பார்த்தார். நாலாவது வரியில் மூச்சு தீர்ந்தது. வெட்ட ஆரம்பித்தார். புத்தகம் படிக்கிற பழக்கத்தில் நான் ஒரு இடத்தில் "மனசாட்சி" என்று போட்டிருந்தேன்.

"இது நீளம் சார். எடுத்துடு."

"நல்ல வார்த்தைக்கா."

"ஒனக்கு மூச்சு இருக்கு. நீ வச்சிக்க."

ஆடி மூன்றாவது வாரம் முப்பது சொல்லில் நின்றது. பிறகு பதினொன்று. கடைசியில் ஐந்து. அந்த ஆணி தங்கச்சி நெஞ்சுல இருக்கு. ஒரே மூச்சில், நின்றுகொண்டு, வாங்காமல் சொல்ல முடிந்தது. என்னை மேஸ்திரியாக நாற்காலியில் உட்கார வைத்து ஒருமுறை சொல்லிக் காட்டினார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

நாளைக் குறித்ததும் அவர்தான். வேறு எந்த நாளாக இருக்க முடியும்? வீராம்பட்டினம் தேருக்கு மறுநாள், சனிக்கிழமை.

அன்றைக்கு அவர் குளிக்கவில்லை. குளிக்கும் மூச்சையும் குளிப்பதற்கான மாத்திரையையும் மிச்சம் பிடித்தார். மூன்று இருபதுக்கு மாத்திரை. மூன்று நாற்பதுக்கு ஆட்டோ. நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லாஸ்பேட்டையில் இறங்கினோம். மில்லில் கூட வேலை பார்த்தவர் என்றதும் மேஸ்திரியின் மருமகளுக்கு முகம் மலர்ந்தது. "மாமாவப் பாக்க யாருமே வர்றதில்லம்மா. மேல இருக்காங்க. ஏற முடியுமா?"

"முடியும்," என்றார் அக்கா.

பதினான்கு படிக்கு ஒன்பது நிமிடம். ஏழு முறை நின்றார். எட்டாவது படியில் உதடு நிறம் மாறியதைப் பார்த்து, போதும், இறங்கிடலாம் என்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலே போனதும் சுவரில் கை ஊன்றி, மூச்சு அடங்கும்வரை வாசலுக்கு வெளியிலேயே நின்றார். அந்த ஆள் முன்னால் மூச்சு வாங்கக் கூடாது என்பது ஆரம்பத்திலேயே முடிவானது.

நான் மனதில் வைத்திருந்தது ஒரு பெரிய உருவம். கட்டிலில் இருந்தது நாலு தலையணையில் சாய்த்து வைத்த ஒரு சின்ன ஆள். கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. இரண்டு விரல் இல்லாத கை வயிற்றின்மேல் கிடந்தது. தலைமாட்டை ஒட்டி அந்த ஜன்னல். மரக் கதவு இரண்டும் விரியத் திறந்து, வெளியே ஒரு வேப்பமரம். காற்று நேராக அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடி அதை வாங்கிக்கொண்டிருந்தார்.

அவர் கண் திறந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரீலிங்கா?"

அக்கா தலையசைத்தார்.

"அக்கா தங்கச்சி... ரெண்டு பேரு." அவருக்கும் மூச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது. "நீ... பெரியவளா?"

"ஆமா."

"மூச்சு வாங்குதா ஒனக்கும்?" எவ்வளவு அடக்கியும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அந்த ஆள் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, விரல் இல்லாத கையால் ஜன்னலைக் காட்டினார். "இங்க... வந்து நில்லு. காத்து... நல்லா வருது."

இதை நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை.

அக்கா நின்ற இடத்திலிருந்து ஜன்னலுக்கு நாலு எட்டு. நடந்தார். விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, வெளியே பார்த்தபடி ஊதினார், இழுத்தார், ஊதினார். காற்று அவர் முடியைக் கலைத்தது. ஐந்து சொல்லும் இனி வராது, அந்த ஒரு வார்த்தை கேட்டதில் மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அக்கா இடது கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு வலது கதவை. தாழ்ப்பாள் இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் அழுத்தி இறக்கினார். அறை இருட்டியது. திரும்பி அந்த முகத்தைப் பார்த்து, வாங்காமல், நிதானமாகச் சொன்னார்.

"நூல் அறும்."

மேஸ்திரி வாயைத் திறந்தார். கை பாதி எழுந்து அப்படியே நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை அக்கா பார்த்தார். பார்த்து முடிக்கும்வரை நின்றார். அப்புறம்தான் படிக்கு வந்தார்.

நான் அவருக்குப் பின்னால் இருந்தேன். தாழ்ப்பாள் எனக்குக் கை நீட்டும் தூரத்தில்தான் இருந்தது.

கீழே மருமகள் டீ போட்டுக்கொண்டிருந்தார். "வேணாம்மா," என்றார் அக்கா. "கொஞ்ச நேரம் தூங்கட்டும்." ஆட்டோ கிளம்பும்போது நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் மூடியே இருந்தது. நாலு முப்பத்திரண்டு. யார் எப்போது திறந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

ஆட்டோவில் அக்காவின் தோள் ஏறி ஏறி இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஃபேன் முகத்துக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் நோட்டைத் திறந்து, "எவ்ளோக்கா?" என்று கேட்டேன். எட்டு, ஒன்பது என்று எதிர்பார்த்தேன்.

"பூஜ்யம்," என்றார்.

அவர் சொன்னதை எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை சிஸ்டர் நோட்டைப் புரட்டியவர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். "பூஜ்யமா? இத்தினி மாசத்துல இப்பத்தான்மா. போயிட்டு வந்துட்டீங்களா பழைய ஆளப் பாக்க?"

"வந்துட்டேன்."

"பாத்தீங்களா, மனசு நெறைஞ்சா மூச்சும் அடங்குது." பிறகு என்னிடம் திரும்பி, "எது கொறைச்சிச்சுங்கற கட்டம் ஏன் சார் காலியா இருக்கு?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார்.

"மறந்துட்டேன் சிஸ்டர்," என்றேன். அந்த வீட்டில் அப்படி ஒரு சொல்லை அதற்கு முன் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சிஸ்டர் பையை மூடிக்கொண்டே சொன்னார்: "நீங்க பரவால்ல. அந்த லாஸ்பேட்டைத் தாத்தாதான் படுத்தறாரு. ஜன்னலத் தொறக்கவே வேணாங்கறாரு. தொறந்தா மூடு மூடுன்னு கைய ஆட்டறாரு. மூச்சு அந்த வாங்கு வாங்குது. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு."

நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். எனக்கு மூச்சு இருந்தது. சிஸ்டர் செருப்பை மாட்டி, வண்டியைக் கிளப்பி, தெரு திரும்பும்வரை அது இருந்தது.

அக்கா ஐப்பசியில், மழை பிடித்த இரண்டாம் நாள் காலையில் போனார். ஜன்னல் திறந்திருந்தது. மேஸ்திரியைப் பற்றி நான் பிறகு விசாரிக்கவில்லை. அந்தக் கட்டம் என் நோட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அந்தச் செவ்வாய் சிஸ்டர் போன பிறகு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். என்னக்கா வேணும், நான் எடுத்துத் தர்றேன் என்றேன். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அடுப்படிக்கு ஆறு எட்டு, நடுவில் இரண்டு முறை நின்றார். பாலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து ஊதினார். எழுந்துபோய் டிக்காஷன் கலந்தார். மறுபடி வந்து உட்கார்ந்தார். கடைசித் தடவை போய்ச் சர்க்கரை போட்டு ஆற்றி, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார்.

குடித்தேன்.